6 வருடம் ட்ரைசால் பயன்படுத்திய பிறகு எழுதும் விமர்சனம்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் எம்எஸ்சி மாணவிகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, ஆர்என்ஏ எடுக்க கிட் வாங்கணுமா, ட்ரைசாலே போதுமா?" ட்ரைசால் என்பது திசுவைக் கரைத்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க உதவும் திரவம், கிட் என்பது அதே வேலைக்கு வடிகட்டிக் குழாய்களோடு தயாராக விற்கும் பெட்டி. இந்தக் கேள்விக்கு வாட்ஸாப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் நெல் நாற்றில் வெப்பத் தாக்கம் பற்றி வேலை செய்பவள், 6 வருடமாக இந்த இளஞ்சிவப்பு பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். இலைக்கும் வேருக்கும் போதும், நன்றாகவே போதும். விதைக்கும் கிழங்குக்கும் போதாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் எதற்காக இவ்வளவு சிரமப்படுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது புரியாமல் செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்பவர்களுக்குத்தான் ஆர்என்ஏ கெட்டுப்போகிறது. ஒரு நெல் செடியின் இலையிலும் வேரிலும் இருக்கும் டிஎன்ஏ ஒன்றேதான். காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் அது மாறுவதில்லை. ஆனால் இலை செய்யும் வேலை வேறு, வேர் செய்யும் வேலை வேறு, உச்சி வெயிலில் இரண்டும் செய்வது இன்னும் வேறு. எந்த மரபணுவை இப்போது பயன்படுத்துகிறோம் என்று செல் முடிவெடுத்ததும், அந்தப் பகுதியை மட்டும் தூது ஆர்என்ஏவாகப் படியெடுத்து உட்கருவிலிருந்து வெளியே அனுப்புகிறது. வெளியே ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. ஆகவே ஒரு செல் இந்த நிமிடத்தில் எதைச் செய்ய நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் டிஎன்ஏவைப் பார்த்துப் பயனில்லை, தூது ஆர்என்ஏவைத்தான் பார்க்க வேண்டும்.

இது இன்று பிளஸ் டூ பாடம். ஆனால் 1960 வரை இப்படி ஒரு பொருள் தனியாக இருக்கிறது என்றே உறுதியாகத் தெரியாது. ஒவ்வொரு ரைபோசோமும் தனக்குரிய ஒரு புரதத்தின் செய்தியைத் தனக்குள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1956-ல் வோல்கின், அஸ்ட்ராகன் என்ற இருவர், வைரஸ் தொற்றிய பாக்டீரியாவில் சீக்கிரம் உருவாகிச் சீக்கிரம் அழியும் ஒரு ஆர்என்ஏவைப் பார்த்தார்கள். அது என்னவென்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா ஜேகப், மேத்யூ மெசல்சன் மூவரும் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் சோதனை செய்து, வைரஸ் தொற்றிய பின் உருவாகும் புது ஆர்என்ஏ பழைய ரைபோசோம்களில்தான் போய் ஒட்டுகிறது, அதற்கென்று புது ரைபோசோம் உருவாவதில்லை என்று காட்டினார்கள். 1961 மே மாதம் அது வெளிவந்தது. ரைபோசோம் யார் செய்தி கொண்டுவந்தாலும் படிக்கும், செய்தி வந்து போகும் பொருள் என்பது அன்றுதான் நிலைபெற்றது. இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதே அது சீக்கிரம் அழிகிறது என்ற குணத்தை வைத்துத்தான். மாணவிகளிடம் நான் தவறாமல் சொல்வது இது.

அதே வருடம் நைரன்பர்க், மத்தாய் என்ற இருவர் யுராசில் (யு) என்ற ஒரே எழுத்து மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைக் கொடுத்து, ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலம் மட்டுமே கொண்ட புரதச் சங்கிலி வருவதைக் கண்டார்கள். ஹர்கோவிந்த் குரானா யுசியுசி என்று மாறி மாறி வரும் ஆர்என்ஏக்களைத் தானே கட்டி, செரின், லியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி வருவதைக் காட்டினார். அதைப் படிக்கும் ரைபோசோமின் வடிவத்தை அணு அளவில் கண்டதற்காக 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். சரி, பாட்டிலுக்கு வருகிறேன்.

தூது ஆர்என்ஏவைப் பிடிப்பது ஏன் கஷ்டம்? டிஎன்ஏவில் இல்லாத ஹைட்ராக்சில் என்ற ஒரு சின்ன அணுக்கூட்டம் அதன் சர்க்கரையில் கூடுதலாக இருக்கிறது. அந்த ஒன்றே போதும், சங்கிலி தன்னைத் தானே அறுத்துக்கொள்ள வழி கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் செல்லுக்குள்ளும் இருக்கின்றன, நம் விரலிலும் வியர்வையிலும் எச்சிலிலும் மேசைமேல் தூசியிலும் இருக்கின்றன. ஆர்என்ஏஸ்-ஏ என்ற நொதியைக் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மறுபடி தன் வடிவத்துக்கு மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியில்) வைத்து எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாத பொருள் அது.

ஆனால் இந்த அழிவு ஒரு குறை இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது, பீரோவில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்து வாசலில் அரிசி மாவில் போடும் கோலம் சாயங்காலத்துக்குள் எறும்பு தின்று, கால் பட்டுப் போய்விடும். போனால்தான் மறுநாள் வேறு கோலம் போட முடியும். தூது ஆர்என்ஏவும் அப்படித்தான். ஈ.கோலை பாக்டீரியாவில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் போய்விடுகின்றன. நம் உடலில் சி-ஃபாஸ் என்ற மரபணுவின் தூது, செல்லுக்கு அவசரச் செய்தி வந்ததும் எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். ஹீமோகுளோபினுக்கான குளோபின் தூது பல மணி நேரம் நிற்கும், ஏனென்றால் சிவப்பணுவுக்கு அந்த ஒரு புரதம்தான் மலை மலையாக வேண்டும். எது எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதும் செல்லின் முடிவுதான். முனையில் ஒரு மூடி, வாலில் அடினின் என்ற எழுத்து சுமார் 200 வரை, அந்த வால் தேயத் தேய ஆயுள் குறையும்.

அப்படியானால் நமக்கு வேண்டியது என்ன? இலையைக் கிள்ளிய அந்த நொடியில் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். கிள்ளுவதே செடிக்கு ஒரு செய்தி, சில நிமிடம் தாமதித்தால் காயத்துக்கான தூதுகள் எழும்பத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது வெப்பத்தையா காயத்தையா என்று தெரியாது. அதனால்தான் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்து, உரலில் இடித்து, தூள் இளகுவதற்குள் ட்ரைசாலில் தட்டிவிடுகிறோம். அதில் இருக்கும் குவானிடின் தயோசயனேட் என்ற உப்பு எல்லாப் புரதங்களின் மடிப்பையும் அவிழ்த்துவிடும், வெட்டும் நொதியும் ஒரு புரதம்தானே, அதுவும் அவிழ்ந்து செயலிழந்துவிடும். கூட இருக்கும் ஃபீனால் புரதங்களை இழுத்துக்கொள்ளும். இந்த ஒரே படி முறையை 1987-ல் கோம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்டார்கள். அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் ஆர்என்ஏ எடுக்க சீசியம் குளோரைடில் இரவு முழுக்க அதிவேகச் சுழற்சி ஓட்டுவார்கள் என்று எங்கள் மேடம் சொல்வார். இன்று காலை 10 மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் கையில் ஆர்என்ஏ இருக்கும்.

செய்து பார்க்காதவர்களுக்காக அந்தக் காலை வேளையைச் சொல்கிறேன். பச்சைத் தூள் 100 மில்லிகிராமுக்கு 1 மில்லி ட்ரைசால். தூள் விழுந்ததும் இளஞ்சிவப்பு மங்கி, சேறு கலந்தது போல ஆகும், பயப்பட வேண்டாம். 5 நிமிடம் வெளியே வைத்துவிட்டு 0.2 மில்லி குளோரோஃபார்ம் ஊற்றி, 15 விநாடி கையால் குலுக்க வேண்டும், மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து இல்லை, நன்றாகவே. ரோஸ் மில்க் போல ஒரே கலங்கலாக இருக்கும். 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றிவிட்டு மூடியைத் திறந்து டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தண்ணீர் போலத் தெளிவு, நடுவில் பால் ஆடை மாதிரி ஒரு வெள்ளைத் தோல், அடியில் சிவப்பு. இலையாக இருந்தால் பச்சையமும் அடியில்தான் போயிருக்கும். மேலே இருக்கும் தெளிவில் ஆர்என்ஏ, நடுத்தோலில் டிஎன்ஏ, அடியில் புரதம். திரவம் அமிலத்தன்மையோடு இருப்பதால்தான் டிஎன்ஏ மேலே வராமல் நடுவில் தங்குகிறது, அந்த அமில அளவை நடுநிலைக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்து மேலே வந்துவிடும். 6 வருடத்தில் எத்தனை நூறு டியூப் பார்த்தேனோ, அந்த மூன்று அடுக்கும் பளிச்சென்று பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இங்கேதான் பேராசை கூடாது. மேலே இருப்பதை முழுவதும் உறிஞ்ச வேண்டும் என்று பிப்பெட்டை இறக்கினால் நடுத்தோல் கூடவே வரும். மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும், மிச்சத்தை விட்டுவிடுங்கள். அப்புறம் ஐசோபுரொப்பனால் ஊற்றி 10 நிமிடம் வைத்துச் சுழற்றினால் டியூபின் அடி ஓரத்தில் வெள்ளையாகவோ ஜெல்லி போலவோ ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. போன மாதம் ஒரு ஜூனியர் "அக்கா, ஒண்ணுமே இல்ல, கொட்டிடவா?" என்று கேட்டாள். கொட்டாதே என்று சொல்லி, 75 சதவீத எத்தனாலில் கழுவி, 20 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து அளந்தோம், வேலைக்குப் போதுமான அளவு இருந்தது. எத்தனாலை எடுத்த பிறகு எலும்பு மாதிரி காயவிடாதீர்கள், பிறகு கரையவே கரையாது. அந்தப் பொட்டு எத்தனாலிலேயே உறைநிலைப் பெட்டியில் ஒரு வருடம் வரை இருக்கும், ட்ரைசாலில் கரைத்த மாதிரியும் மைனஸ் 80-ல் மாதக்கணக்கில் இருக்கும். எங்களைப் போல வயலுக்குப் போய் மாதிரி எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

தரம் எப்படி? 260, 280 நானோமீட்டர் ஒளியை ஆர்என்ஏ கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம் இலையில் எனக்கு எப்போதும் 2.0 பக்கத்தில் வரும், அது நல்ல கணக்கு. 260-க்கு 230 விகிதம்தான் அடிக்கடி குறையும், குவானிடின் உப்பு ஒட்டிக்கொண்டு வருவதால். இன்னொரு முறை எத்தனாலில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் இரண்டு கோடுகள் தெளிவாக நிற்கும், செடியில் அவற்றுக்கு 25எஸ், 18எஸ் என்று பெயர், பச்சை இலையில் பச்சையக் கணிகத்தின் கோடுகளும் சேர்ந்து தெரியும். இதைப் பார்த்து "தூது ஆர்என்ஏ வந்துடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கோடுகள் அது இல்லை, அவை ரைபோசோமின் ஆர்என்ஏ. செல்லின் மொத்த ஆர்என்ஏவில் சுமார் 80 சதவீதம் அதுதான். தூது ஆர்என்ஏ 1 முதல் 5 சதவீதம். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தூதுகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம், அதனால் அது கோடாக நிற்காமல் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் புகை படிந்தது போல லேசாகப் பரவியிருக்கும். கோடுகள் கூர்மையாக இருந்தால் புகையும் உடையாமல் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ட்ரைசால் மொத்தத்தையும் தருமே தவிர தூதை மட்டும் பிரித்துத் தராது. தூது மட்டும் வேண்டுமென்றால் அதன் அடினின் வாலைப் பிடிக்க வேண்டும். தைமின் சரம் ஒட்டிய காந்த மணிகளோடு உப்பு அதிகமான கரைசலில் கலந்தால் வால் போய் ஒட்டிக்கொள்ளும், காந்தத்தில் வைத்து மற்றதைக் கழுவிவிட்டு, உப்புக் குறைந்த கரைசலில் கழற்றிக்கொள்ளலாம். பாக்டீரியாவில் வேலை செய்பவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம், அங்கே தூதுக்கு இந்த நீள வால் கிடையாது. எங்களுக்கு இதுகூடத் தேவைப்படுவதில்லை, தைமின் சரத்தையே தொடக்கமாக வைத்து தலைகீழ்ப் படியெடுத்தலில் தூதை மட்டும் டிஎன்ஏவாக மாற்றிக்கொள்கிறோம்.

இந்த பாட்டிலை நான் மதிக்கத் தொடங்கிய நாள் ஒன்று இருக்கிறது. முதல் வருடம், 10 நாள் நாற்றுகளை 42 டிகிரியில் வைத்து, 15 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம் என்று இலை கிள்ளி எடுத்தேன். எச்எஸ்பி101 என்ற வெப்பக் காப்புப் புரதத்தின் தூதைத் தேடினோம். சாதாரண வெப்பத்தில் இருந்த இலையைவிட 30 நிமிட இலையில், தூதிலிருந்து மாற்றிய டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் கருவியின் கோடு 7 சுற்று முன்னதாகவே எழும்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு என்பதால் 2-ஐ 7 முறை பெருக்கினால் 128 மடங்கு. வெளியே பார்த்தால் இலை வாடக்கூட இல்லை, பச்சையாக நிமிர்ந்துதான் நின்றது. உள்ளே அதற்குள் அத்தனை ஆயிரம் தூதுகள் எழுதப்பட்டு ரைபோசோமுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேடம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "செடி கத்துது பாரு" என்று மட்டும் சொன்னார். மறுபடி 28 டிகிரிக்குக் கொண்டுவந்து சில மணி நேரம் விட்ட நாற்றுகளில் அந்தத் தூது இறங்கிப் போயிருந்தது. சத்தம் ஓய்ந்ததும் அழித்துவிடுகிறது. அழிக்காமல் இருந்திருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை நாம் பார்த்திருக்கவே முடியாது.

இப்போது குறைகள். விதை, கிழங்கு போன்ற மாவுச்சத்து அதிகமான திசுவில் ட்ரைசால் திணறும். முதிர்ந்த நெல்மணியில் முயன்றால் கடைசியில் கிடைப்பது கஞ்சி போன்ற ஒரு பொட்டு, அதில் பெரும்பங்கு சர்க்கரைச் சங்கிலிகள். ஐசோபுரொப்பனாலோடு உப்பு மிகுந்த கரைசலும் சேர்த்து வீழ்படிய வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். மா, பலா, தேயிலை போன்ற துவர்ப்புள்ள இலைகளில் டியூப் பழுப்பாகிவிடும், அந்தப் பழுப்பு ஆர்என்ஏவையும் பிடித்துக்கொள்ளும். அங்கே நேரத்தை வீணாக்காமல், சிடேப் என்ற சோப்பு வகைப் பொருளை வைத்து எடுக்கும் முறைக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் டிஎன்ஏவும் எப்போதும் கூட வரும், டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போடாமல் அளக்கப் போனால் அளவு பொய் சொல்லும். 24 மாதிரிகளை ஒரே நாளில் செய்ய வேண்டுமென்றால் கை ஒடிந்துவிடும், அந்த நாளில் வடிகட்டி வைத்த கிட்தான் வசதி. ஆனால் சாதாரண வடிகட்டிக் கிட்டுகள் 200 எழுத்துக்குக் குறைந்த சின்ன ஆர்என்ஏக்களைத் தவறவிடும், மைக்ரோ ஆர்என்ஏ பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பெரிய குறை ஆபத்துதான், இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஃபீனால் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, மரத்துப்போகும். அதனால்தான் பலர் கவனிக்க மாட்டார்கள். எங்களோடு இருந்த ஒரு பெண்ணுக்குக் கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவில் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது, கால் மணி நேரம் கழித்துத் தோல் வெளுத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்கு, கோட்டின் கைக்கு மேலே இழுத்துவிட்டு, கண்ணாடி போட்டு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஹூடுக்குள்ளே மட்டும் வேலை செய்யுங்கள். கழிவை ப்ளீச்சோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, குவானிடின் உப்பும் ப்ளீச்சும் சேர்ந்தால் விஷ வாயு வரும். மேசை துடைக்கும் பழக்கத்தில் ப்ளீச் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், அதை முதலில் தள்ளி வையுங்கள்.

விலை பற்றி. 100 மில்லி, 200 மில்லி பாட்டில்களில் வருகிறது, ஆய்வுப் பணம் தாமதமாக வரும் கல்லூரிகளுக்கு அது பாரம்தான். ஒரு மாதிரிக்கு 1 மில்லி என்று கணக்குப் போட்டால் 100 மில்லி பாட்டிலில் 100 பரிசோதனை, அப்படிப் பார்க்கும்போது கிட்டைவிடக் குறைவாகவே வருகிறது. பணம் இல்லாத வருடம் ஃபீனால், குவானிடின் தயோசயனேட், அம்மோனியம் தயோசயனேட், சோடியம் அசிடேட், கிளிசரால் வாங்கி நாங்களே கலக்கினோம். இலையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஃபீனாலைத் திறந்து கையாளும் வேலை அது, பழகிய சீனியர் பக்கத்தில் இல்லாமல் மாணவர்கள் தொட வேண்டாம்.

வாங்கும்போது விநியோகஸ்தரிடம் காலாவதித் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெயர் வேண்டாம், ஒரு விநியோகஸ்தர் 2 மாதம் மட்டுமே மிச்சமிருந்த பாட்டிலை எங்களுக்கு அனுப்பினார், திருப்பி அனுப்பக் கடிதம் மேல் கடிதமாக 5 வாரம் போனது, அதற்குள் நாற்று முற்றிவிட்டது. ட்ரைசாலுக்கு ஐஸ் தேவையில்லை, சாதாரண பார்சலில் வரும், அந்த விதத்தில் நிம்மதி. கூட ஆர்டர் செய்யும் நொதிகளுக்குத்தான் ஐஸ் வேண்டும், அதை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்ததும் பாட்டிலை வெளிச்சம் படாமல் வையுங்கள், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள், பெரிய பாட்டிலுக்குள் நேராக பிப்பெட்டை விடாமல் வேண்டிய அளவைத் தனி டியூபில் ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

5-க்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையைக் குறைத்தது ஃபீனாலுக்காக. நெல் இலை, வேர், தக்காளி நாற்று, ஈஸ்ட், விலங்குச் செல் வளர்ப்பு எதுவானாலும் தயங்காமல் வாங்கலாம். முதிர்ந்த விதையில் வேலை செய்து நல்ல பலன் கண்டவர்கள் யாராவது இருந்தால் எந்த உப்பு, எவ்வளவு சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் பால் பிடிக்கும் பருவத்து நெல்மணியில் தொடங்குகிறோம், எங்களுக்கு உதவியாக இருக்கும்.